அமெரிக்க அரசியலமைப்புத் திருத்தங்கள்: ஓட்டுரிமையும் தனிமனித உரிமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டியவர்கள், தேர்தல் சமயத்தில் செய்தி பார்த்துக் குழம்பியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

மொத்தம் எத்தனை திருத்தம்? அதில் ஓட்டு சம்பந்தப்பட்டது எது எது?

இதுவரை 27. முதல் பத்தும் 1791 டிசம்பர் 15 அன்று ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்று சொல்வது இவற்றைத்தான். பேச்சு, மதம், பத்திரிகை, சோதனை, கைது, விசாரணை எல்லாம் அதில் வரும். ஓட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

ஓட்டுக்கான திருத்தங்கள் நான்கு. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது ஆகிய காரணங்களுக்காக ஓட்டை மறுக்கக் கூடாது என்பது 15 (1870). பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது 19 (1920). வரி கட்டாததற்காக மறுக்கக் கூடாது என்பது 24 (1964). 18 வயது நிரம்பியவரை வயதைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது 26 (1971). குடியுரிமைத் தேர்வில் "யார் ஓட்டுப் போடலாம் என்பது பற்றிய நான்கு திருத்தங்களில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்த 17 (1913), தலைநகரவாசிகளுக்கு ஜனாதிபதித் தேர்தலில் இடம் தந்த 23 (1961) இரண்டும் இந்தக் கணக்கில் சேராது.

திருத்தம் எப்படி வருகிறது? ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டாமா?

வேண்டாம். இதில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது இன்றைய கணக்குக்கு 38 மாநிலங்கள், ஒப்புதல் தர வேண்டும். 34 மாநிலங்கள் சேர்ந்து கேட்டால் தனி மாநாடு கூட்டித் திருத்தத்தை முன்மொழியவும் வழி உண்டு. அந்த வழியில் இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை.

ஒப்புதலுக்குக் காலக்கெடு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 26-ஆவது திருத்தம் 100 நாளில் முடிந்தது. காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களின் சம்பளம் பற்றிய 27-ஆவது, 1789-இல் அனுப்பப்பட்டு 1992-இல்தான் கரை சேர்ந்தது.

எல்லாருக்கும் ஓட்டு என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கலாமே? இந்தியாவில் அப்படித்தானே எழுதினார்கள்?

இந்திய அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு, வயதுவந்தோர் வாக்குரிமையை 1950-லேயே நேரடியாக எழுதிவிட்டது. 1787-இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு மாநிலமும் நிலம் இவ்வளவு, சொத்து இவ்வளவு என்று தனக்கென ஒரு தகுதி வைத்திருந்தது. ஒன்றைப் பொதுவாக்கினால் மற்றவை வெளியே போய்விடும். அதனால் உங்கள் மாநிலச் சட்டசபையின் கீழவைக்கு யார் ஓட்டுப் போடலாமோ அவர்களே பிரதிநிதிகள் சபைக்கும் போடலாம் என்று எழுதி, பொறுப்பை மாநிலங்களின் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்த முடிவைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். பின்னால் வந்த நான்கு திருத்தங்களும் ஓட்டைக் கொடுக்கவில்லை. "இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்காதே" என்று ஒவ்வொரு காரணமாக அடைத்தன. ஒரு காரணம் அடைபட்டதும் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க வாக்குரிமையின் வரலாறு பெரும்பாலும் இந்தத் துரத்தல்தான்.

அப்போ அமெரிக்கக் குடிமகனுக்கு ஓட்டுரிமையே அரசியலமைப்பில் இல்லையா? நம்பவே முடியவில்லை.

நேரடியாக இல்லை. மிசௌரியில் மைனர் என்ற பெயருடைய ஒரு பெண் "நான் குடிமகள், ஆகவே எனக்கு ஓட்டு உண்டு" என்று வழக்குப் போட்டார். மைனர் எதிர் ஹாப்பர்செட் என்ற அந்த வழக்கில் குடியுரிமை வேறு, ஓட்டு வேறு என்று 1875-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2000-ஆம் ஆண்டு புஷ் எதிர் கோர் தீர்ப்பிலும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை, மாநிலச் சட்டசபை அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே குடிமகனுக்கு உண்டு என்று எழுதினார்கள். இன்று எல்லா மாநிலங்களும் மக்கள் ஓட்டைத்தான் வைத்திருக்கின்றன. ஒரு முறை கொடுத்துவிட்டால் அதில் பாரபட்சம் காட்டக் கூடாது. அந்தப் பாதுகாப்பு 14-ஆவது திருத்தத்திலிருந்து வருகிறது.

15-ஆவது திருத்தம் 1870-லேயே வந்துவிட்டது. பிறகு எதற்கு 1965 வரை கறுப்பினத்தவர் போராட வேண்டி வந்தது?

திருத்தம் 'இனம்' என்ற காரணத்தைத்தான் தடுத்தது. தெற்கு மாநிலங்கள் சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்தன. 1890-இல் மிசிசிப்பி புதிய மாநில அரசியலமைப்பு எழுதி வழிகாட்டியது, மற்றவை பின்தொடர்ந்தன. எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி (ஓட்டுப் போட ஒவ்வொருவரும் கட்ட வேண்டிய வரி), நீண்ட காலம் ஒரே இடத்தில் குடியிருந்ததற்கான நிபந்தனை எல்லாம் சேர்ந்து வந்தன. இதில் ஏழை வெள்ளையரும் சிக்குவார்களே என்று 1898-இல் லூசியானா ஒரு விலக்கு வைத்தது. 1867 ஜனவரி 1-க்கு முன் ஓட்டுரிமை இருந்தவருக்கும் அவருடைய மகன், பேரனுக்கும் தேர்வு கிடையாது. அந்தத் தேதியில் கறுப்பினத்தவர் யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை. தேதியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். 1896-இல் 1,30,000-க்கு மேல் இருந்த லூசியானாவின் கறுப்பின வாக்காளர் பதிவு 1904-இல் 1,342 ஆனது.

தேர்வு எப்படி நடந்தது என்பதற்கு 1950-களின் மிசிசிப்பி படிவம் நல்ல சாட்சி. மாநில அரசியலமைப்பின் 280-க்கும் மேற்பட்ட பிரிவுகளில் ஒன்றைப் பதிவு அதிகாரி காட்டுவார். விண்ணப்பதாரர் அதை அப்படியே நகலெடுத்து, கீழே அதற்கு விளக்கம் எழுத வேண்டும். பிறகு குடிமகனின் கடமைகளைப் பற்றியும் எழுத வேண்டும். சரியா தவறா என்று சொல்பவர் அதே அதிகாரி. ஒருவருக்கு ஒற்றை வரிப் பிரிவும் இன்னொருவருக்கு வரிச்சட்டம் பற்றிய அரைப்பக்கப் பிரிவும் காட்டலாம், கேட்பார் இல்லை. 1962-இல் விண்ணப்பித்தவர் பெயரை இரண்டு வாரம் செய்தித்தாளில் போட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. முதலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் தகவல் போய்விடும், மறுநாள் வேலையும் குடியிருப்பும் போகலாம்.

நீதிமன்றம் ஒவ்வொன்றாக உடைத்தது. தாத்தா பெயரில் கிடைத்த விலக்கு 1915-இல் போனது. கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வைக்கும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டும் என்ற விதி 1944-இல் போனது. ஆனால் வழக்கு போட்டு ஜெயிக்கப் பத்து வருடம், புதிய தடை கொண்டுவர ஒரே சட்டசபைக் கூட்டம். 1965 ஆகஸ்ட் 6-இல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. மோசமான வரலாறு உள்ள பகுதிகள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது. மிசிசிப்பியில் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967-இல் 59.8 சதவீதமானது.

தலைவரி ஒன்றரை டாலர்தானே? அதற்கு ஒரு திருத்தமா?

அலபாமாவில் வருடத்துக்கு ஒன்றரை டாலர்தான். ஆனால் கட்டாத வருடங்கள் சேர்ந்துகொண்டே போகும். 1953 வரை அதிகபட்சம் 24 வருட பாக்கி, அதாவது 36 டாலர் வரை கட்டினால்தான் ஓட்டு. குத்தகை விவசாயிக்கு அன்று அது பெரிய தொகை. மிசிசிப்பியில் வருடத்துக்கு 2 டாலர். தேர்தலுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்கும் உரிய காலத்தில் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். யாரும் பில் அனுப்ப மாட்டார்கள், வசூலிக்கவும் வர மாட்டார்கள். மறப்பதற்கென்றே வைத்த வரி அது.

1964 ஜனவரியில் 24-ஆவது திருத்தம் வந்தபோது ஐந்து மாநிலங்களில் அந்த வரி மிச்சமிருந்தது. திருத்தம் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும்தான் பொருந்தும். மாநிலத் தேர்தலிலும் கூடாது என்பதை 1966-இல் ஹார்ப்பர் எதிர் வர்ஜினியா வழக்கில் 14-ஆவது திருத்தத்தை வைத்துச் சொன்னார்கள். பலர் இந்த இடத்தில்தான் தப்பாகச் சொல்வார்கள்: 24 பாதியைத்தான் முடித்தது.

பெண்களுக்கு 1920-இல் கிடைத்தது. அத்தனை பெண்களுக்குமா?

19-ஆவது திருத்தத்தின் வாசகம் 15-ஐ அப்படியே எடுத்து, இனம் என்ற இடத்தில் பால் என்று போட்டதுதான். ஆகவே அதே பலவீனம் இதிலும் உண்டு. தெற்கே கறுப்பினப் பெண்கள் தேர்வையும் தலைவரியையும் கண்டு திரும்பினார்கள். பூர்வகுடி மக்கள் அனைவரும் குடிமக்கள் ஆனதே 1924-இல்தான்; அரிசோனாவும் நியூ மெக்ஸிகோவும் 1948 வரை அவர்களுக்கு ஓட்டு மறுத்தன.

மறுபக்கம், வயோமிங் 1869-லேயே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்திருந்தது. திருத்தத்தை நிறைவேற்ற அப்போது 36 மாநிலங்கள் தேவை. கடைசி மாநிலம் டென்னஸி. இழுபறியில் நின்ற சட்டசபையில், எதிரணியில் இருந்த 24 வயது ஹேரி பர்ன் அணி மாறி ஆதரித்தார். சட்டைப்பையில் ஆதரித்து ஓட்டுப் போடச் சொல்லி அம்மா எழுதிய கடிதம் இருந்தது.

18 வயது எப்படி வந்தது?

வியட்நாம் போருக்கு 18 வயதில் கட்டாயமாக அழைத்தார்கள், ஓட்டு 21-இல். காங்கிரஸ் சாதாரணச் சட்டத்தால் வயதைக் குறைத்தது. மத்தியத் தேர்தலுக்கு அது செல்லும், மாநிலத் தேர்தலுக்குச் செல்லாது என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே நாளில் ஒரே சாவடியில் இரண்டு வாக்காளர் பட்டியல், இரண்டு வகைச் சீட்டு வைக்க வேண்டிய நிலை. அந்தச் செலவுக்குப் பயந்தே மாநிலங்கள் 100 நாளில் ஒப்புக்கொண்டன.

பேச்சுரிமை 1791-லேயே வந்துவிட்டது. பிறகு ஏன் எல்லா வழக்கிலும் 14-ஆவது திருத்தத்தை இழுக்கிறார்கள்?

முதல் பத்துத் திருத்தங்கள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. பால்டிமோரில் ஒரு துறைமுக உரிமையாளர், நகர நிர்வாகம் தன் தொழிலைக் கெடுத்துவிட்டது என்று வழக்குப் போட்டபோது, 1833-இல் உச்ச நீதிமன்றம் அதை வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் போலீஸ், பள்ளிக்கூடம், உள்ளூர் நீதிமன்றம் என்று மக்கள் தினமும் எதிர்கொள்வது மாநிலத்தையும் நகரத்தையும்தான்.

1868-இல் வந்த 14-ஆவது திருத்தம், எந்த மாநிலமும் முறையான சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையோ சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக் கூடாது, யாருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது. 'சுதந்திரம்' என்ற அந்த ஒரு சொல் வழியாக உச்ச நீதிமன்றம் பழைய உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்கள் மீதும் ஏற்றியது. பேச்சுரிமை 1925-இல். சட்டவிரோதச் சோதனையில் சிக்கிய ஆதாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1961-இல். கடுங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது 1963-இல். கடுங்குற்ற வழக்கில் ஜூரி ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது 2020-இல்தான். சிவில் வழக்கில் ஜூரி உரிமை இன்னும் மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை.

ஓட்டின் எடையையும் இதே திருத்தம்தான் சமப்படுத்தியது. அலபாமா 1900 கணக்கெடுப்பை வைத்தே தொகுதிகளை நடத்திவந்தது. மாநில செனட் தொகுதிகளிடையே மக்கள்தொகை வித்தியாசம் 41-க்கு 1 வரை போனது. 1964-இல் அதை நிறுத்தினார்கள்.

சமூக ஊடகக் கம்பெனி என் பதிவை நீக்கிவிட்டது. முதல் திருத்தத்தை மீறியதுதானே?

இல்லை. முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது. தனியார் கம்பெனியையோ உங்கள் முதலாளியையோ குடியிருப்போர் சங்கத்தையோ அல்ல. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர் அரசியல் கருத்துக்காக வேலை இழந்தாலும் அரசியலமைப்பைக் காட்ட முடியாது. சில மாநிலச் சட்டங்கள் மட்டும் உதவலாம். விதிவிலக்கு 13-ஆவது திருத்தம். அடிமைத்தனத்தை ஒழித்த அது தனிமனிதர்களையும் கட்டுப்படுத்தும்.

நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். இந்த உரிமைகள் எனக்கும் உண்டா?

பெரும்பாலும் உண்டு. 14-ஆவது திருத்தம் சமப் பாதுகாப்பைக் 'குடிமகனுக்கு' என்று சொல்லாமல் 'எந்த நபருக்கும்' என்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி கேட்ட சுமார் 200 சீனருக்கு மறுத்து, சீனர் அல்லாத 80 பேருக்குக் கொடுத்தார்கள். 1886-இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்காடியவர் குடிமகன் அல்ல.

நடைமுறையில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஊருக்குள் போலீஸ் உங்கள் போனைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும் (2014 தீர்ப்பு). விமான நிலையக் குடிவரவுச் சோதனையில் அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. மறுத்தால் குடிமகனை உள்ளே விட்டாக வேண்டும், விசாக்காரரைத் திருப்பி அனுப்பலாம். இரண்டாவது, மௌனமாக இருக்கும் உரிமை. வாயை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது உரிமையைக் கோரியதாக ஆகாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கிரீன் கார்டுதான் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவு வேண்டுமா என்று கேட்டார்கள், டிக் செய்துவிட்டேன். பிரச்சினையா?

பிரச்சினை ஆகலாம், பெரிதாகவே. 1993 சட்டப்படி டிரைவிங் லைசென்ஸ் படிவத்தோடு வாக்காளர் பதிவும் சேர்ந்து வரும். அங்கே 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வதும், மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போடுவதும் நாடுகடத்தலுக்குக் காரணமாகும். ஊழியரே கேட்டார், நான் தெரியாமல் போட்டேன் என்பது எப்போதும் காப்பாற்றாது.

முதலில் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். பிறகு அவர் சொல்லும் வாசகத்தில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் பதிவை ரத்து செய்யக் கேட்டு எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா" என்ற கேள்வி வரும். அங்கே மறைத்தால் ஒரு தப்பு இரண்டாகும். மேரிலாந்தின் டகோமா பார்க், சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் போல ஓரிரு இடங்களில் உள்ளூர்த் தேர்தலுக்குக் குடிமக்கள் அல்லாதவருக்கும் இடமுண்டு. அங்கேயும் வக்கீலைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம்.

நம் ஆட்கள் எப்போதிலிருந்து ஓட்டுப் போடுகிறார்கள்?

இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியுரிமை இல்லாதபோது 15-ஆவது திருத்தம் இருந்தும் பயனில்லை. 1946-இல் வந்த சட்டம்தான் கதவைத் திறந்தது. 1949-இல் குடிமகனான தலீப் சிங் சௌந்த் 1956-இல் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரசுக்கே தேர்வானார். அதற்கு முன்பும் இங்கே பிறந்த பிள்ளைகள் 14-ஆவது திருத்தப்படி குடிமக்களே. 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கு அதை உறுதி செய்தது.

சிறைக்குப் போனவருக்கு ஓட்டு இல்லை என்கிறார்களே, அது எந்தத் திருத்தத்துக்கும் முரண் இல்லையா?

வேடிக்கை என்னவென்றால், அதற்கு இடம் கொடுப்பதே 14-ஆவது திருத்தம்தான். அதன் இரண்டாம் பிரிவு, ஆண்களுக்கு ஓட்டை மறுக்கும் மாநிலத்தின் பிரதிநிதித்துவம் குறையும் என்று மிரட்டி, "கிளர்ச்சி அல்லது வேறு குற்றம்" செய்தவர்களை மட்டும் விலக்கியது. அந்த மிரட்டலை ஒரு முறைகூடச் செயல்படுத்தவில்லை. விலக்கை மட்டும் 1974-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மெய்ன், வெர்மான்ட், தலைநகர் வாஷிங்டன் ஆகியவற்றில் சிறையில் இருந்தே ஓட்டுப் போடலாம். மற்ற இடங்களில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

புளோரிடா மக்கள் 2018-இல் தண்டனை முடித்த பெரும்பாலோருக்கு ஓட்டைத் திருப்பித் தந்தார்கள். மறுவருடம் சட்டசபை, அபராதமும் கோர்ட் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாகக் கொள்ளும் என்றது. இது தலைவரியின் மறுபிறவி என்று வழக்குப் போட்டார்கள். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது வரி அல்ல என்றது. மேலே தலைவரி பற்றிய பதிலைப் படித்தவர்களுக்கு இதன் சுவை புரியும்.

போர்ட்டோ ரிக்கோவில் இருப்பவர்களும் குடிமக்கள்தானே?

1917 முதல் குடிமக்கள். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் அங்கிருந்து ஓட்டுப் போட முடியாது. எலெக்டர்கள் மாநிலங்களுக்குத்தான், 23-ஆவது திருத்தம் தலைநகருக்கு மட்டும் விலக்குத் தந்தது. அதே நபர் புளோரிடாவுக்குக் குடிமாறினால் ஓட்டுண்டு.

அங்கே முதல் திருத்தம் பேச்சுரிமை கொடுத்தது, இந்தியாவில் முதல் திருத்தம் அதைக் குறைத்ததாமே?

1951-இல் வந்த இந்திய முதல் திருத்தம் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளை விரிவாக்கியது உண்மை. சென்னை மாகாணத்தில் ஒரு வார இதழுக்குத் தடை விதித்ததை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் வழக்கில் அரசு தோற்றது அதற்கு ஒரு காரணம். ஆனால் அதே திருத்தம்தான், செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னையின் இட ஒதுக்கீடு செல்லாமல் போனபின், 15(4) பிரிவைச் சேர்த்து அதைக் காப்பாற்றியது. உரிமையைக் குறைத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சரியில்லை.

1965 சட்டம் சாதாரணச் சட்டம்தானே? நீதிமன்றம் அதை நீக்கினால் எல்லாம் போய்விடுமா?

15-ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, அதைச் செயல்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குத் தருகிறது. 1965 சட்டம் அதில்தான் நிற்கிறது. 2013-இல் ஷெல்பி கவுன்டி வழக்கில், எந்தப் பகுதிகள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற கணக்கு பழசாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. முன் அனுமதி விதி ஏட்டில் இருக்கிறது, யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியல் இல்லை. தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ், தடுத்து வைக்கப்பட்டிருந்த புகைப்பட அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப் போவதாக அறிவித்தது. திருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் தடை வந்த பிறகு வழக்குப் போட்டு நிரூபிக்கும் பாரம் மறுபடி வாக்காளர் பக்கம் வந்துவிட்டது.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட முடியுமா?

முடியும். 50 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு 20 வருடம் ஆகியிருந்தால், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆகியிருந்தால், ஆங்கிலத் தேர்வு கிடையாது. நாட்டைப் பற்றிய கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். வாக்காளர் பதிவுக்கான எழுத்தறிவுத் தேர்வுகளுக்கு 1975-இல் நிரந்தரத் தடை வந்துவிட்டது.

சாவடியில் வாசிக்கத் தெரியாதவர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு உள்ளே அழைத்துப் போகலாம். 1982-இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்த்த 208-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் வரலாம். முதலாளி, முதலாளியின் ஆள், தொழிற்சங்கப் பிரதிநிதி ஆகியோர் மட்டும் கூடாது. சில மாநிலங்களில் உதவுபவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும், கூட்டம் குறைவான நேரத்தில் போங்கள்.